முதல் பைக் வாங்கப்போற திருகோணமலைப் பெண்களுக்கு: ஒழுங்கை மணல்ல இருந்து கிண்ணியாப் பாலம் வரைக்கும்

என்ர முதல் பைக்கை நான் தெரிவு செய்யேல்ல. அண்ணா பார்த்தார், மச்சான் விலை பேசினார், அப்பா காசு குடுத்தார், நான் கடைசியாத்தான் ஏறி இருந்தன். உப்புவெளியில எங்கட ஒழுங்கை முழுக்க மணல், படலைக்கு முன்னால வச்சுத் திருப்பேக்க பைக் இடப்பக்கம் கொஞ்சம் சரிஞ்சுது, காலை ஊண்டினன், நிலம் எட்டேல்ல, பெருவிரல் நுனி மட்டும் மணலுக்க போச்சு, அப்பிடியே 140 கிலோவுக்கு மேல பாரம் என்ர இடது காலுக்கு மேல. சைலன்சர் மற்றப் பக்கம் எண்டபடியா கால் சுடேல்ல, அவ்வளவுதான்.

அதுக்குப் பிறகு எட்டு மாசம் அந்த பைக் மாமரத்துக்குக் கீழ நிண்டுது. அவளுக்குப் பயம் எண்டு வீட்டில எல்லாரும் சொல்லிச்சினம், நானும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு திரும்பவும் பஸ்ஸில போனன். ஒருநாள் பக்கத்து வீட்டு அக்காவின்ர ஸ்கூட்டியில ஏறி ஒழுங்கையைச் சுத்தி வந்தன், ஒரு பயமும் இல்ல. ரெண்டு காலும் நிலத்தில வடிவா நிண்டுது. அண்டைக்குத்தான் அந்த எட்டு மாசமும் என்னை நானே வீணா நொந்துகொண்டது விளங்கிச்சு. அதால இதை எழுதுறன், முதல் பைக் வாங்கப்போற தங்கச்சிமாருக்கும், நாப்பது வயசுக்கு மேல பழகலாமோ எண்டு யோசிக்கிற அக்காமாருக்கும். கடைக்குப் போறதுக்கு முதலே தொடங்கவேண்டிய வேலை இது, அதால ஆறுதலா வாசியுங்கோ.

முதல்ல உங்கட ரோட்டை எழுதுங்கோ

ஒரு கொப்பியில ஒரு கிழமைக்கு எங்கெங்க போறனீங்கள் எண்டு எழுதுங்கோ. வேலை, ரியூசனுக்குப் பிள்ளையை ஏத்தி இறக்குறது, சந்தை, கோயில், அம்மா வீடு, எல்லாம். தூரத்தையும் பக்கத்தில போடுங்கோ. உவர்மலையில இருந்து ரவுணுக்கு வாற ஒராளுக்கும், நிலாவெளியில இருந்து தினமும் 15 கிலோமீற்றர் வாற ஒராளுக்கும், கிண்ணியாவுக்குப் படிப்பிக்கப் போற என்னை மாதிரி ஒராளுக்கும் ஒரே பைக் சரிவராது.

எண்ணையைப் பாருங்கோ. 2022 யூலையில எண்ணைத் தட்டுப்பாட்டுக்குப் பங்கீடா கியூஆர் முறை வந்தப்ப மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல்தான். ஸ்கூட்டி ஒண்டு லீற்றருக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர் ஓடுது எண்டு வச்சா 160, 100 சிசி கியர் பைக் 60 ஓடுது எண்டு வச்சா 240. எனக்குக் கிண்ணியாவுக்குப் போய்வர ஒரு நாளைக்கு 40, அஞ்சு நாளைக்கு 200. ஸ்கூட்டி எண்டா வியாழக்கிழமையோட முடிஞ்சுது, கியர் பைக் எண்டா சனிக்கிழமை சந்தைக்கும் மிச்சம். பெற்றோலுக்கு வரிசை இல்லாத காலத்திலயும் சம்பளத்தில பெற்றோலுக்குப் போற பங்கு இந்தக் கணக்கிலதான் இருக்கு. ஒரு நாளைக்கு 10 கிலோமீற்றருக்குள்ள ஓடுறவைக்கு இந்த வித்தியாசம் பெரிசில்ல, அவை சுகமா ஸ்கூட்டி பக்கம் போகலாம்.

லைசன்ஸில ஒரு விசயம் கனபேர் கவனிக்கிறேல்ல

எங்கட நாட்டில மோட்டார் சைக்கிளுக்கு ரெண்டு வகுப்பு இருக்கு. ஏ1 எண்டா 100 சிசி வரைக்கும் மட்டும், ஏ எண்டா அதுக்கு மேல. ஸ்கூட்டிதானே, சின்னனுக்கு எடுத்தாக் காணும் எண்டு நினைக்காதீங்கோ. ஹொண்டா டியோ 109 சிசி, அது 100க்கு மேல. ரிவிஎஸ் ஸ்கூட்டி பெப் பிளஸ் 87.8 சிசி, அது உள்ளுக்க வரும். பிறகு மாத்தி அலையாம நேரா ஏ வகுப்புக்கே போடுங்கோ எண்டதுதான் என்ர புத்திமதி. மெடிக்கல், எழுத்துப் பரீட்சை, லேர்னர்ஸ், எல் போர்ட், பிறகு ட்ரையல், வழமையான ஒழுங்குதான். லேர்னர்ஸ் கையில இல்லாம மட்டும் ரோட்டில ஏறாதீங்கோ, ஏதும் நடந்தா இன்சூரன்ஸ்காரர் கைவிரிச்சிடுவினம்.

சைக்கிள் ஓடத் தெரியாதவை முதல்ல ஒரு சைக்கிள் எடுத்து ஒரு மாசம் ஓடுங்கோ. சமநிலை காலில வந்திட்டா மிச்சம் எல்லாம் கைப்பழக்கம்தான்.

இப்ப உங்களை அளவெடுங்கோ

இதுதான் எனக்கு ஒருத்தரும் சொல்லித் தராத விசயம். செருப்பில்லாம சுவரோட முதுகு ஒட்டி நில்லுங்கோ, ஒரு தடிச்ச கொப்பியைக் கவட்டுக்குள்ள வச்சு சைக்கிள் சீற்றில இருக்கிற மாதிரி மேல இழுத்துப் பிடியுங்கோ, கொப்பியின்ர மேல்விளிம்பில இருந்து நிலம் வரைக்கும் தங்கச்சியை அளக்கச் சொல்லுங்கோ. அதுதான் உங்கட உள்கால் நீளம்.

அடுத்தது பைக்கின்ர சீற் உயரம், இது கொம்பனிக்காரற்ற விபரத்தாளில மில்லிமீற்றரில இருக்கும். ஸ்கூட்டியளில டியோ 765, பெப் பிளஸ் 768, என்ரோக் 770, கியர் பைக்குகளில ஸ்பிளெண்டர் 785, பல்சர் 150 அதுவும் 785, எஃப்இசட் 790, புல்லட் வகையில கிளாசிக் 350 எண்டா 805. நீங்கள் ஏறி இருக்கேக்க ஷொக் அப்சோபர் அமுங்கி ரெண்டு மூண்டு சென்ரிமீற்றர் கீழ வரும், சப்பாத்து ரெண்டு சென்ரிமீற்றர் குடுக்கும். அதால உங்கட அளவை விட சீற் 50 மில்லிமீற்றர் வரைக்கும் கூட இருந்தாலும் சமாளிக்கலாம், அதுக்கு மேல முதல் பைக்குக்கு வேண்டாம்.

ஆனா இலக்கத்தை மட்டும் நம்பவும் ஏலாது. ஸ்பிளெண்டரும் பல்சரும் ஒரே 785தான், ஏறி இருந்து பாருங்கோ, பல்சர்ல டாங்கும் சீற்றும் அகலம், தொடை விரியும், விரிஞ்சா கால் நிலத்துக்குப் போற நீளம் குறையும். மற்றது ஸ்பிளெண்டர் 112 கிலோ, பல்சர் 145 கிலோ அளவில. அந்த 33 கிலோ எண்டது ஒரு பத்து வயசுப் பிள்ளை சீற்றில இருக்கிற மாதிரி, சரியேக்கதான் தெரியும். ஸ்கூட்டிக்கும் இதே கதை, உயரம் குறைவு, ஆனா கால் வைக்கிற தட்டு அகலம், நிக்கேக்க காலைச் சுத்திக் கீழ வைக்கோணும்.

இன்னொண்டு சொல்லுறன். நாங்கள் இடப்பக்கத்தால ஓடுறம், எங்கட ரோட்டெல்லாம் மழைத்தண்ணி வழியுறதுக்காக நடுவில உயர்ந்து ஓரத்தில சரிஞ்சிருக்கு. அதால ஓரமா நிப்பாட்டி இடது காலை ஊண்டேக்க நிலம் ஷோரூம் தரையை விட இன்னும் கீழ இருக்கும். ஷோரூமில நுனிக்கால் எட்டினா ரோட்டோரத்தில எட்டாது எண்டுதான் அர்த்தம். இடது பாதம் முழுசாப் படோணும், வலது கால் பிரேக்கில இருந்தாலும் பரவாயில்ல.

கியரோ, கியர் இல்லாததோ

பொம்பிளையளுக்கு ஸ்கூட்டிதான் எண்டு சொல்லுறதை நான் ஏற்கிறேல்ல. கியர் பைக்கில பாரம் நடுவில இருக்கு, சில்லு 17, 18 அங்குலம், குழிக்குள்ள விழாம தாண்டும். டியோ, பெப் பிளஸ் பழைய மொடல்களில 10 அங்குலச் சில்லு, ரவுணுக்குள்ள நல்லா வளையும், ஆனா கிடங்கு விழுந்த கிராமத்து ரோட்டில கை வலிக்கும், மணல்ல முன்சில்லு புதையும். என்ரோக்குக்கு 12 அங்குலம், அது இடையில.

அதே நேரம், காலமை 7 மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையளோட அனுராதபுரச் சந்தியில கிளச்சைப் பிடிச்சு விட்டுக்கொண்டு நிக்கிறதும் லேசில்ல. மனசுக்கு அமைதி வேணும், தூரம் குறைவு, பின்னால பிள்ளை, முன்னால சந்தைப் பை எண்டா ஸ்கூட்டி நல்லது. தூரம் கூட, ரோட்டு மோசம் எண்டா 100 சிசி கியர் பைக்குக்குப் போங்கோ. ரெண்டுக்கும் நடுவில எங்கட அம்மாமார் ஓடின சாலி, எம்டி 90 மாதிரி கிளச் லீவர் இல்லாத கால்கியர் வண்டியளும் இருக்கு, நல்லதா ஒண்டு கிடைச்சா பழகிறதுக்கு அதைப்போல ஒண்டில்ல.

ஒரு எச்சரிக்கை. ஸ்கூட்டியில இடக்கை லீவர் பின்பிரேக், கியர் பைக்கில அதே இடத்தில கிளச். ஒண்டில பழகி மற்றதில ஏறினா, மாடு குறுக்க வரேக்க கை தன்ர பாட்டில பழைய லீவரைத்தான் பிடிக்கும், கிளச் பிடிபட்டா பைக் நிக்காது, இன்னும் வழுக்கிக்கொண்டு போகும். அதால முதல் ஆறு மாசத்துக்கு ஒரே வகையில ஓடுங்கோ, வீட்டில ரெண்டு வகையும் நிண்டாலும். கியர் மிதிக்கிற முறையும் பைக்குக்குப் பைக் வேற, சிலதில முன்னுக்கு மிதிச்சாலே கியர் கூடும், சிலதில முதல் கியர் மட்டும் கீழ மிச்சம் மேல. வாங்கப்போற பைக்கில எப்பிடி எண்டு கேட்டு, என்ஜின் நிப்பாட்டி இருக்கேக்கயே பத்துத்தரம் மிதிச்சுப் பாருங்கோ.

கடையில அரை மணித்தியாலம்

வேலைநாள் பின்னேரம் சனம் இல்லாத நேரமாப் போங்கோ, வழமையாப் போடுற சப்பாத்து, உடுப்போட. கூட வாறது அண்ணாவோ வீட்டுக்காரரோ ஆரா இருந்தாலும் முதலே சொல்லுங்கோ, விலையைப் பற்றிப் பிறகு கதைப்பம், முதல்ல நான் பைக்கோட கொஞ்ச நேரம் நிக்கோணும் எண்டு.

ஸ்டாட் பண்ணாதீங்கோ. ஏறி இருந்து ஸ்டாண்டை எடுத்து நேரா நிமித்துங்கோ. இடுப்பால மெல்ல இடப்பக்கம் சரிச்சு எந்த இடத்தில பாரம் கையை இழுக்குது எண்டு பாருங்கோ, திரும்ப நிமித்துங்கோ. அடுத்து இறங்கி இடப்பக்கம் நிண்டு, சீற்றில இடுப்பை முட்டுக் குடுத்து பத்து மீற்றர் முன்னுக்குத் தள்ளுங்கோ, பின்னுக்கு இழுங்கோ, ஒரு வட்டம் திருப்புங்கோ. இதைத் தனிய செய்ய ஏலாட்டி அந்த பைக் உங்களுக்கு இல்ல, எவ்வளவு வடிவான நிறமா இருந்தாலும். பெற்றோல் முடிஞ்சாலும், ரயர் பஞ்சர் ஆனாலும், நிலாவெளி ரோட்டில தள்ளப்போறது நீங்கள்தான்.

நடு ஸ்டாண்டில ஏத்திப் பாருங்கோ. கையால தூக்குறேல்ல, ஸ்டாண்டின்ர ரெண்டு காலும் நிலத்தில படுதோ எண்டு பார்த்திட்டு உங்கட முழுப் பாரத்தையும் வலது குதிக்காலால அதில ஏத்துங்கோ, பைக் தானா எழும்பும். பிறகு லீவர்: கைப்பிடியைப் பிடிச்சபடி ரெண்டு விரலின்ர முதல் மடிப்பு லீவரில வருதோ? எங்கட கையள் சின்னன், நுனிவிரலாலதான் எட்டுது எண்டா அரை மணித்தியாலத்தில மணிக்கட்டு உளைஞ்சிடும். கேபிளைச் சரிப்படுத்தலாமோ எண்டு கடைக்காரரைக் கேளுங்கோ, கனக்க பைக்கில ஏலும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் ஓடிப் பார்க்கிறது.

பிரேக்கும் ரயரும்

முன்னுக்கு டிஸ்க் இருந்தா நல்லது. புதுசாப் பழகிறவைக்கு, ஒரு லீவரைப் பிடிச்சா ரெண்டு சில்லும் சேர்ந்து பிடிக்கிற சேர்ப்புப் பிரேக் உதவி, இந்தியாவில 2019 ஏப்பிரலில 125 சிசி வரைக்கும் அதோ ஏபிஎஸ்ஸோ (சில்லு இறுகி வழுக்காமத் தடுக்கிற பிரேக்) ஏதாவது ஒண்டு கட்டாயம் எண்டு ஆக்கிச்சினம். இங்க வந்த வண்டியில இருக்கோ எண்டு கேட்டுப் பாருங்கோ. ரயரில பக்கவாட்டில நீள்வட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும், 2319 எண்டா 2019 ஆம் ஆண்டு 23 ஆவது கிழமை செய்தது. ரயர்ப் பூ (மேல இருக்கிற வெட்டுகள்) நல்லா இருந்தாலும் அஞ்சாறு வருசம் போன ரயர் வெயிலில விறைச்சிருக்கும், மழைக்குப் பிடிக்காது.

சாறி, அபாயா, ஹெல்மெட்

இதைப் பற்றிக் கதைக்க எல்லாரும் கூச்சப்படுகினம், ஆனா ஷோல் நுனியோ சாறித் தலைப்போ சில்லுக்குள்ள போனா விழுத்திப்போடும். செயின் மூடின பைக்கா எடுங்கோ, பின்சில்லுக்கு சாறிக் காட் போடுங்கோ. ஷோலைக் கழுத்தில சுத்தி நுனியைப் பின்னால விடவே வேண்டாம், குறுக்காக் கட்டி இடுப்பில முடியுங்கோ, இல்லாட்டி பைக்குள்ள வையுங்கோ. அபாயா போடுற சகோதரியள் பின்பக்கத்தை மடிச்சுத் தொடைக்குக் கீழ வச்சு இருங்கோ, கீழ ஒரு ஜீன்ஸ், மூடின சப்பாத்து. எனக்குத் தெரிஞ்ச கிண்ணியா ரீச்சர் ஒராள் அபாயாவின்ர ரெண்டு பக்கமும் உள்பக்கமா ஒரு கொழுவி தைச்சு வச்சிருக்கிறா, ஏற முதல் இடுப்புக்குக் கொழுவினா துணி சில்லுப் பக்கம் போகவே போகாது.

ஹெல்மெட்டை பைக்கோட சும்மா தந்ததைப் போட்டுக்கொண்டு திரியாதீங்கோ. தலையைச் சுத்தி புருவத்துக்கு மேல அளந்து, எஸ்எல்எஸ் முத்திரை பார்த்து, பட்டியைப் பூட்டிப் போட்டு பின்பக்கத்தால முன்னுக்குத் தள்ளிப் பாருங்கோ, கழண்டு வந்தா அது தொப்பிதான். உச்சிக் கொண்டை போட்டா ஹெல்மெட் இருக்காது, பின்னலைக் கீழ இறக்கிக் கட்டுங்கோ. பின்னால இருக்கிற பிள்ளைக்கும் ஒண்டு, அதின்ர தலை அளவில.

பாவிச்சது வாங்கிறதெண்டா

2020 மார்ச்சில வாகன இறக்குமதி நிப்பாட்டி 2025 பெப்ரவரியிலதான் திரும்ப விட்டது, அதால பாவிச்ச பைக் கனக்க அந்தத் தடைக்கு முந்தினது. வயசு பாராம விலையை மட்டும் பார்த்து எடுத்தா பிறகு அழோணும். எங்கட ஊருக்கு இன்னொரு பிரச்சினை உப்புக்காத்து. கடற்கரையோரம் நிண்ட பைக் மேலால மினுங்கும், கீழ கறள் தின்னும். ரோர்ச் கொண்டு போங்கோ. ஸ்கூட்டி எண்டா கால்தட்டுக்குக் கீழ, நடு ஸ்டாண்ட் பொருத்தின இடம், சைலன்சரின்ர அடிப்பக்கம். கியர் பைக் எண்டா சில்லுக்கம்பி, செயின், முன்சில்லின்ர ஷொக் அப்சோபர் தண்டு. தண்டில எண்ணை ஒழுகின கோடு இருந்தா உள்ள இருக்கிற சீல் பழுது. புதுசாப் பூசின கறுப்பு பெயின்ரைக் கண்டா நகத்தால சுரண்டிப் பாருங்கோ.

வரமுதல் ஸ்டாட் பண்ணி வைக்காதீங்கோ எண்டு விக்கிறவருக்குச் சொல்லுங்கோ. என்ஜினைத் தொட்டுப் பாருங்கோ, குளிரா இருக்கோணும். ஸ்டாட் பண்ணிக் கொஞ்ச நேரம் விட்டு அக்சிலேற்றரைக் குடுத்தா நீலப் புகை வந்தா ஒயில் எரியுது, விட்டிட்டு வாங்கோ. ஒராளை ஓடவிட்டு நீங்கள் பின்னால நிண்டு பாருங்கோ, ரெண்டு சில்லும் ஒரே கோட்டில போகுதோ எண்டு.

பேப்பர் விசயத்தில ஆருக்காகவும் முகம் பார்க்காதீங்கோ. வாகனப் பதிவுப் புக்கில இருக்கிற செசி நம்பரும் என்ஜின் நம்பரும் வண்டியில அடிச்சதும் ஒவ்வொரு இலக்கமா ஒத்துப்போகோணும். புக்கில லீசிங் கொம்பனியின்ர பேர் முழு உரிமையாளரா இருந்தா, கடன் கட்டி முடிச்ச கடிதம் இல்லாம ஒரு சதமும் குடுக்காதீங்கோ. இன்சூரன்ஸ், புகைப் பரிசோதனை, வருசா வருசம் எடுக்கிற வரிப்பத்திரம், மூண்டும் திகதி பாருங்கோ. ஓப்பன் பேப்பரில, அதாவது பேர் மாத்தாம பழைய உரிமையாளர் ஒப்பம் வச்ச படிவத்தோட, வாங்கவே வாங்காதீங்கோ. என்ர பெரியம்மாவின்ர மகள் அப்பிடி வாங்கினா, மூண்டு கையளுக்கு முந்தின உரிமையாளர் செத்துப்போனார், ஒப்பம் பழசு, மாத்தித் தர ஆக்கள் இல்ல, ரெண்டு வருசமா அலைஞ்சா.

மற்றது, புக்கை உங்கட பேரில எழுதுங்கோ. காசு நீங்கள் கட்டுறீங்கள், ஓடுறது நீங்கள், பேர் மட்டும் ஏன் தம்பியின்ரயா இருக்கோணும்? பொலிஸ் மறிச்சாலும், இன்சூரன்ஸ் கேட்டாலும், நாளைக்கு விக்கிறதெண்டாலும் உங்கட ஒப்பம்தான் செல்லோணும். இதில நான் கடும்பிடியா நிக்கிறன்.

முதல் ரெண்டு மாசம்

முதல் கிழமை மைதானத்தில மட்டும், கியர் பைக் எண்டா அக்சிலேற்றரைத் தொடாதீங்கோ. முதல் கியரைப் போட்டு கிளச்சை ஒரு நூல் ஒரு நூலா விடுங்கோ, பைக் மூக்கைத் தூக்கிற மாதிரி ஒரு இடம் வரும், அதில பிடிச்சு நில்லுங்கோ, திரும்ப அமத்துங்கோ. அம்பதுதரம். அந்த இடம் இடக்கைக்குப் பாடமாகிட்டா என்ஜின் சந்தியில நிக்கிற பிரச்சினை இல்ல. அடுத்தது நடக்கிற வேகத்தில எட்டுப் போடுங்கோ, பார்வை முன்சில்லில இல்லாம போகப்போற பக்கம். பிறகு பிரேக்: ரெண்டும் சேர்த்து, முன்னதை நசுக்கிற மாதிரி மெல்ல இறுக்கி. மணல்ல மட்டும் முன்பிரேக்கைத் தொடாதீங்கோ, வேகத்தை மணலுக்கு முதலே குறைச்சு நேரா விடுங்கோ.

ரெண்டாம் மூண்டாம் கிழமை ஞாயிறு காலமை ஆறு மணிக்கு உட்துறைமுக வீதி. பிறகு கோட்டைப் பக்கம், மான்கள் குறுக்க வரும், மெதுவா. அதுக்குப் பிறகு உப்புவெளி, நிலாவெளி. மாரியில இரவில மாடுகள் காய்ஞ்ச தார்ரோட்டில வந்து படுக்கும், கறுப்பு மாடு வெளிச்சத்தில பத்து மீற்றருக்குள்ளதான் தெரியும், அதால முதல் ரெண்டு மாசம் இருட்ட முதல் வீட்ட வந்திடுங்கோ. கடற்கரையால வந்த அண்டைக்குக் கீழ்ப்பக்கத்துக்கு நல்ல தண்ணி அடிச்சு, காயவிட்டு, செயினுக்கு எண்ணை விடுங்கோ.

கிண்ணியாப் பாலத்தைக் கடைசிக்கு வையுங்கோ. 2009 ஒக்டோபரில திறக்கும்வரைக்கும் அதில பாதையில (மிதவைப் படகில) ஏத்தித்தான் வாகனம் அக்கரைக்குப் போனது, இப்ப 396 மீற்றர் பாலம், ரெண்டு பக்கமும் மறைப்பில்லாத தண்ணி. கச்சான் காத்து வீசுற காலத்தில பின்னேரம் அது பக்கத்தால வந்து அடிக்கும், ஸ்கூட்டி எண்டா கூடத் தெரியும். ஏற முதல் ஷோலையும் பையையும் இறுக்குங்கோ, 40க்குக் குறையுங்கோ, கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காம முழங்கையை இளக விடுங்கோ, உங்கட பக்கத்து நடுவில ஓடுங்கோ, ஓரத்தில இல்ல. காத்து வாற பக்கம் பைக் தானாக் கொஞ்சம் சாயும், விடுங்கோ, அது சரிதான். பஸ் ஒண்டு முந்தேக்க ரெண்டு செக்கன் காத்து நிக்கும், பஸ் போனதும் திடீரெண்டு திரும்ப அடிக்கும், அந்த ரெண்டாவது அடிக்குத்தான் தயாரா இருக்கோணும். அக்கரை வந்ததும் இடப்பக்கம் நல்ல நிலமா ஒரு இடம் பார்த்து நிப்பாட்டி, இடது காலை முழுசா ஊண்டி, கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுத் திரும்புங்கோ.